என்எஃப்எல் ஈட்டுத் தேர்வுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு மார்ச் மாதமும், அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் பார்க்கும் எங்கள் நண்பர்கள் குழுவில் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வரும். "நம்ம ஆளை விட்டுட்டாங்களே, பதிலுக்கு என்ன கிடைக்கும்?" என்று ஒருவர் தொடங்குவார், அடுத்த பத்து நிமிடத்தில் எல்லோரும் குழம்பிப் போவார்கள். பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

முதல்ல இந்த டிராஃப்ட் என்றால் என்ன? ஐபிஎல் ஏலம் மாதிரியா?

இல்லை. ஏலத்தில் யாரிடம் பணம் இருக்கிறதோ அவர் கை தூக்கலாம். டிராஃப்டில் வரிசைதான் எல்லாம். கல்லூரி ஆட்டம் முடித்து வரும் இளைஞர்களை 32 அணிகளும் முறைவைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். போன சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்தை வென்ற அணிக்குக் கடைசி வாய்ப்பு. இப்படி ஏழு ரவுண்டு. 32-ஐ ஏழால் பெருக்கினால் 224 வருகிறது.

ஆனால் அண்மைக் காலத்தில் எந்த ஆண்டுப் பட்டியலை எடுத்தாலும் 250-க்கு மேல் பெயர்கள் இருக்கும். 2022-இல் 262 பேர். அந்தக் கூடுதல் ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கான பதில்தான் ஈட்டுத் தேர்வு. ரசிகர்கள் சுருக்கமாக 'காம்ப் பிக்' என்பார்கள், பிக் என்றால் தேர்வு.

சரி, அந்த ஈடு எதற்கு? யாருக்கு என்ன நஷ்டம்?

1993-க்கு முன்பு என்எஃப்எல் வீரர்கள் ஒப்பந்தம் முடிந்தாலும் விரும்பிய அணிக்குச் சுலபமாகப் போக முடியாது. அந்த ஆண்டு லீக்கும் வீரர் சங்கமும் செய்துகொண்ட உடன்பாட்டில்தான் முழுமையான ஃப்ரீ ஏஜென்சி வந்தது. நான்கு சீசன் ஆடி, ஒப்பந்தமும் முடிந்துவிட்டால் நீ சுதந்திர ஆள், யாரிடம் வேண்டுமானாலும் போகலாம். அந்த வசந்தத்திலேயே ரெஜி ஒயிட் ஃபிலடெல்ஃபியாவை விட்டு கிரீன் பேவுக்குப் போனார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் இப்படிக் கிளம்பிப் போவது அதுவரை நினைத்துப் பார்க்காத காட்சி.

வீரருக்கு அது நியாயமான உரிமை. ஆனால் டிராஃப்டில் கண்டெடுத்து, நான்கு வருடம் சொல்லிக்கொடுத்து வளர்த்த அணிக்குக் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. அதைக் கொஞ்சமாவது சரிக்கட்டத்தான் இந்த ஏற்பாடு. ஒரு ஆண்டில் இழந்த ஃப்ரீ ஏஜென்ட்களுக்காக, அடுத்த ஆண்டு டிராஃப்டில் மூன்றாம் ரவுண்டு முதல் ஏழாம் ரவுண்டு வரை, ஏதாவது ஒரு ரவுண்டின் கடைசியில் ஒரு கூடுதல் வாய்ப்பு. முதல் இரண்டு ரவுண்டில் எப்போதும் கிடைக்காது.

யார் போனாலும் ஒரு பிக் வந்துவிடுமா?

வராது. இங்கேதான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஒப்பந்தம் தானாக முடிந்து, இன்னொரு அணியில் சேர்ந்தவர் மட்டுமே கணக்கு. அணியே பாதியில் கழற்றிவிட்டால் அவர் கணக்கில் இல்லை. இன்னொரு அணிக்கு மாற்றிக் கொடுத்தாலும் இல்லை, அதற்குப் பதிலாக ஏற்கெனவே எதையோ வாங்கியிருப்பார்கள் அல்லவா. ஓய்வு பெற்றாலும் இல்லை. குறைந்தபட்சச் சம்பள அளவில் போகிறவர்களும் பெரும்பாலும் கணக்கில் ஏறமாட்டார்கள்.

ஒரு நுணுக்கம். ஒப்பந்தக் காகிதத்தில் 'இந்தத் தேதிக்கு மேல் மீதி ஆண்டுகள் செல்லாது' என்று எழுதியிருந்தால், அந்தத் தேதியில் வெளியே வருகிறவர் ஒப்பந்தம் முடிந்தவராகவே எடுத்துக்கொள்ளப்படுவார். கழற்றிவிடப்பட்டவர் ஆகமாட்டார். ஒரு அணி மொத்தமாக இவ்வளவுதான் சம்பளம் தரலாம் என்ற உச்சவரம்புக்காகப் பல அணிகள் இப்படிக் காகித ஆண்டுகளைச் சேர்ப்பதால், இந்த வேறுபாடு அடிக்கடி தேவைப்படும்.

எந்த ரவுண்டு என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? பெயர் பெற்ற ஆளாக இருந்தால் போதுமா?

பெயருக்கு மதிப்பு இல்லை. புதிய அணி அவருக்குத் தரும் சராசரி ஆண்டுச் சம்பளம்தான் முக்கியம். நான்கு ஆண்டுக்கு 4 கோடி டாலர் என்றால் கணக்கில் ஏறுவது ஆண்டுக்கு 1 கோடி. அதோடு அந்த சீசனில் எத்தனை ஸ்னாப் (ஒவ்வொரு முறை பந்து ஆட்டத்துக்கு வருவதும் ஒரு ஸ்னாப்) ஆடினார் என்பதும், சீசன் முடிவில் கிடைக்கும் கௌரவங்களும் சேரும். இவற்றை வைத்து லீக் முழுக்க ஒரு தரவரிசை போடுவார்கள். மேலே இருப்பவர் போனால் மூன்றாம் ரவுண்டு, கீழே வர வர நான்கு, ஐந்து, ஆறு, ஏழு.

இந்தக் கணக்கின் உள்விவரத்தை லீக் பல ஆண்டுகள் வெளியே சொல்லவே இல்லை. வீரர்களின் ஒப்பந்தக் கணக்குகளைத் தொகுக்கும் ஓவர் தி கேப் என்ற இணையதளத்தில் இருப்பவர்கள் பழைய முடிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்து, பின்னாலிருந்து முன்னால் அந்தச் சூத்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். இன்று மார்ச்சில் ஒருவர் கையெழுத்திட்ட அன்றே 'இது நான்காம் ரவுண்டு' என்று அவர்கள் போடும் மதிப்பீடு பெரும்பாலும் சரியாக இருக்கிறது. ரசிகர்களின் பொறுமைக்கும் உழைப்புக்கும் நான் மிகவும் மதிக்கும் எடுத்துக்காட்டு அது.

எங்க டீம்ல நாலு பேர் போனாங்க. ஆனா பிக் ஒண்ணுகூட வரலையே, ஏன்?

நீங்கள் எத்தனை பேரை உள்ளே கொண்டுவந்தீர்கள் என்று பாருங்கள். இது நிகரக் கணக்கு. போனவர்களை இடப்பக்கம் எழுதுங்கள், வந்தவர்களை வலப்பக்கம் எழுதுங்கள், ஒன்றுக்கு ஒன்று அடித்துக்கொண்டே வாருங்கள். இடப்பக்கம் மிஞ்சுகிறவர்களுக்குத்தான் ஈடு.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். உங்கள் அணியிலிருந்து மூவர் போனார்கள்: ஒருவர் மூன்றாம் ரவுண்டு மதிப்பு, இன்னொருவர் ஐந்து, மற்றவர் ஆறு. நீங்கள் ஐந்தாம் ரவுண்டு மதிப்புள்ள ஒருவரை வாங்கினால் ஐந்தும் ஐந்தும் அடிபட்டுப் போகும், மூன்றும் ஆறும் நிற்கும். வாங்கியவர் நான்காம் ரவுண்டு மதிப்பு என்றால்? இடப்பக்கம் நான்கு இல்லை. எனவே அதற்குக் கீழே உள்ள ஐந்தை அடிக்கும். வாங்கியவர் ஏழு என்றால் கீழே யாரும் இல்லை, மேலே அருகில் இருக்கும் ஆறை அடிக்கும்.

இதைக் கவனித்தால் ஒன்று புரியும். உங்கள் மூன்றாம் ரவுண்டு பிக் அவ்வளவு சுலபத்தில் போகாது. ஆனால் வரிசையாக ஆட்களை வாங்கிக்கொண்டே போனால் அதுவும் ஒரு நாள் அடிபடும். நாலு பேர் போய் நாலு பேர் வந்திருந்தால் உங்கள் கணக்கு சுழியம். போனவர்களின் மொத்த மதிப்பு வந்தவர்களைவிட நன்றாகவே கூடுதலாக இருந்தால் மட்டும், ஏழாம் ரவுண்டின் கடைசியில் ஆறுதலாக ஒன்று கிடைக்க வாய்ப்புண்டு.

ஒரு அணிக்கு எத்தனை வரை கிடைக்கும்? மொத்தம் எத்தனை?

ஒரு அணிக்கு அதிகபட்சம் 4. லீக் முழுக்க 32. தகுதி பெறுபவை 32-ஐத் தாண்டினால் மதிப்பில் கடைசியில் இருப்பவை கழிந்துவிடும். குறைந்தால், மீதியை டிராஃப்ட் வரிசைப்படி முதலில் இருக்கும் அணிகளுக்கு எட்டாம் ரவுண்டு போலக் கொடுத்து நிரப்புவார்கள்.

224-உம் 32-உம் சேர்த்தால் 256 தானே? 262 எப்படி?

நல்ல கேள்வி, கூட்டிப் பார்த்துக் கேட்டவருக்கு நன்றி. 2020 நவம்பரில் ஒரு புதிய விதி வந்தது. ஒரு அணி சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த பயிற்சியாளரையோ நிர்வாகியையோ வளர்த்தெடுத்து, அவரை இன்னொரு அணி தலைமைப் பயிற்சியாளராகவோ ஆட்டப் பிரிவின் தலைமை நிர்வாகியாகவோ அழைத்துக்கொண்டால், வளர்த்த அணிக்கு அடுத்தடுத்து இரண்டு டிராஃப்டில் மூன்றாம் ரவுண்டு முடிவில் ஒவ்வொரு பிக். இரண்டு பேர் போனால் மூன்று டிராஃப்ட். அந்த ஆள் குறைந்தது இரண்டு ஆண்டு அங்கே வேலை பார்த்திருக்க வேண்டும். இவை 32 என்ற வரம்புக்கு வெளியே.

சான் ஃபிரான்சிஸ்கோ இதில் நிறையப் பெற்றது. 2021-இல் ராபர்ட் சாலே நியூயார்க் ஜெட்ஸுக்கும் மார்ட்டின் மேஹியூ வாஷிங்டனுக்கும் போனார்கள். 2022-இல் மைக் மெக்டேனியல் மயாமிக்குப் போனார். 2023-இல் டெமெகோ ரயன்ஸ் ஹூஸ்டனுக்கும் ரான் கார்த்தன் டென்னசிக்கும். திறமையானவர்களை வளர்த்து வெளியே அனுப்பும் அணிக்குப் பரிசு இருக்கட்டுமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வாசல் மூடியிருந்த காலம் நீண்டது.

கடைசியில் வருகிற இந்த பிக்கால் என்ன பெரிய பிரயோஜனம்?

இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்கு உட்கார முடியாது. டாம் பிரேடி, 2000-ஆம் ஆண்டு, ஆறாம் ரவுண்டு, 199-ஆவது தேர்வு. அந்த எண்ணை ரசிகர்கள் எல்லோரும் சொல்வார்கள். அது நியூ இங்கிலாந்துக்கு ஈடாகக் கிடைத்த தேர்வு என்பதைப் பலர் சொல்வதில்லை. முந்தைய ஆண்டு சில வீரர்கள் அங்கிருந்து போகாமல் இருந்திருந்தால் அந்த 199 அவர்கள் கையில் இருந்திருக்காது.

டல்லாஸ் 2016-இல் நான்காம் ரவுண்டில் 135-ஆவதாக எடுத்த டாக் பிரஸ்காட்டும் ஈட்டுத் தேர்வுதான். அதற்கு முந்தைய ஆண்டு டிமார்கோ முர்ரே உட்படப் பலரை அவர்கள் இழந்திருந்தார்கள். முர்ரே 2014-இல் 1,845 யார்டு ஓடி லீக்கிலேயே முதலிடம் பிடித்தவர். அவர் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனபோது டல்லாஸ் ரசிகர்கள் பட்ட வருத்தம் கொஞ்சமல்ல. அடுத்த ஆண்டு வந்த பையன் முதல் சீசனிலேயே 13 ஆட்டம் வென்று கொடுத்தான்.

லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் 2023-இல் ஐந்தாம் ரவுண்டின் கடைசியில், 177-ஆவதாக எடுத்தவர் புக்கா நக்குவா. முதல் ஆண்டிலேயே 105 பந்து பிடித்து 1,486 யார்டு சேர்த்தார், அப்போது இரண்டுமே புதுமுகங்களுக்கான சாதனை. மேலே சொன்ன 262-ஆவது ஆள் யார் தெரியுமா? பிராக் பர்டி. 2022 டிராஃப்டின் கடைசிப் பெயர், அதுவும் ஈட்டுத் தேர்வு. இரண்டு ஆண்டுக்குள் சான் ஃபிரான்சிஸ்கோவை சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார்.

எல்லா ஈட்டுத் தேர்வும் இப்படி முத்தாக அமையாது, பெரும்பாலானவர்கள் ஓரிரு ஆண்டில் காணாமல் போவார்கள். ஆனால் புதுமுக ஒப்பந்தம் நான்கு ஆண்டுக்குக் குறைந்த சம்பளத்தில் வருகிறது. சம்பள உச்சவரம்பு உள்ள லீக்கில் அப்படி ஒருவர் தேறினாலே மற்ற இடங்களுக்குச் செலவழிக்கப் பணம் மிஞ்சும்.

இந்த பிக்கை இன்னொரு டீமுக்குக் கொடுத்து வேறு ஏதாவது வாங்கலாமா?

2017 டிராஃப்டிலிருந்து வாங்கலாம். அதற்கு முன் கூடாது, கிடைத்த அணியே பயன்படுத்த வேண்டும்.

நல்ல எடுத்துக்காட்டு கர்க் கஸின்ஸ். 2018-இல் வாஷிங்டனை விட்டு மின்னசோட்டாவுக்குப் போனார், மூன்று ஆண்டுக்கு 8.4 கோடி டாலர், முழுவதும் உத்தரவாதம். வாஷிங்டனுக்கு 2019-இல் மூன்றாம் ரவுண்டில் 96-ஆவது தேர்வு ஈடாக வந்தது. அதை பஃபலோவிடம் கொடுத்து 112, 131 என்று இரண்டு தேர்வுகளாக மாற்றிக்கொண்டார்கள். பஃபலோ அந்த 96-இல் டாசன் நாக்ஸை எடுத்தது. ஒரு குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) போனதில் இரண்டு அணியின் டிராஃப்ட் பலகை மாறியது.

பால்டிமோர் மட்டும் எப்படி எப்போதும் கூடுதல் பிக்கோடு வருகிறது?

இந்த ஏற்பாடு தொடங்கியதிலிருந்து அதிக ஈட்டுத் தேர்வு பெற்ற அணி பால்டிமோர் ரேவன்ஸ்தான், 50-க்கு மேல். பல ஆண்டுகள் பொது மேலாளராக இருந்த ஆஸி நியூசம் இதை ஒரு வழக்கமாகவே ஆக்கிவிட்டார். முதலில் டிராஃப்டில் நல்ல ஆட்களை எடுப்பது. ஒப்பந்தம் முடியும்போது எல்லோரையும் பிடித்துவைக்கத் துடிக்காமல் சிலரை வாழ்த்தி அனுப்புவது. அந்த இடத்துக்கு, கணக்கில் ஏறாத ஆட்களாகப் பார்த்து வாங்குவது.

மூன்றாவதுதான் சாமர்த்தியம். 2014 மார்ச்சில் கரோலினா தன் நட்சத்திர ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) ஸ்டீவ் ஸ்மித்தைக் கழற்றிவிட்டது. மறுநாளே பால்டிமோர் அவரைச் சேர்த்துக்கொண்டது. கழற்றிவிடப்பட்டவர் என்பதால் வலப்பக்கத்தில் அவர் பெயர் ஏறாது, மூன்றாவது கேள்வியில் சொன்னேனே. அந்த ஆண்டு அவர் 1,065 யார்டு எடுத்துக் கொடுத்தார். அதேபோல 2021-இல் ஜஸ்டின் ஹூஸ்டனை ஜூலை வரை காத்திருந்து எடுத்தார்கள். ஜூலை ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

பிரேடி 42 வயதில் போனார். அந்த வயசுக்கும் ஈடு உண்டா?

உண்டு. பத்து சீசனோ அதற்கு மேலோ ஆடியவர் போனால், எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் ஐந்தாம் ரவுண்டுக்கு மேல் கிடைக்காது என்று ஒரு வரம்பு இருக்கிறது. ஆனால் குவாட்டர்பேக்குகளுக்கு அந்த வரம்பு இல்லை. எனவே 2020-இல் பிரேடி ஆண்டுக்கு 2.5 கோடி டாலருக்கு டாம்பா பேவுக்குப் போனபோது, 2021-இல் நியூ இங்கிலாந்துக்கு மூன்றாம் ரவுண்டில் 96-ஆவது தேர்வு வந்தது.

யாரோ போனதற்கு ஈடாக வந்தவர், தான் போகும்போதும் ஒரு ஈட்டை வைத்துவிட்டுப் போனார். நடுவில் ஆறு சூப்பர் பவுல் வெற்றிகள். அந்த 96-இல் எடுத்த ரானி பெர்கின்ஸ் நியூ இங்கிலாந்துக்காக ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. இடத்தைத்தான் ஈடாகத் தர முடிகிறது, ஆளை அல்ல.

வாங்கின ஆளை சீசன் நடுவில் அனுப்பிவிட்டால் கணக்கு மாறுமா?

மாறும். ஏறத்தாழ பத்தாவது வாரத்துக்குள் அவரை அணியிலிருந்து நீக்கிவிட்டால் அவர் பெயர் இரண்டு அணியின் பட்டியலிலிருந்தும் போய்விடும். வாங்கிய அணிக்கு அடிபட்ட பிக் உயிர்பெறும், இழந்த அணிக்கு வரவேண்டியது வராமல் போகும். அக்டோபர், நவம்பரில் சரியாக ஆடாத ஒருவரைத் திடீரென்று நீக்கினால் அந்தத் தேதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் வரை நல்ல ஆட்கள் வேலை இல்லாமல் சும்மா இருப்பது ஏன்?

ஒரு காலக்கெடு இருக்கிறது. டிராஃப்ட் முடிந்து வரும் திங்கட்கிழமை மாலை 4 மணி, நியூயார்க் நேரம். அதற்கு முன் கையெழுத்திட்டால் கணக்கில் ஏறும், அதற்குப் பின் என்றால் ஏறாது. ஹூஸ்டன் ஜூலையில் வந்ததன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

இந்த விதியில் எனக்கு மனம் ஒப்பாத இடம் இதுதான். முப்பது வயதைத் தாண்டிய ஒரு வீரரை நினைத்துப் பாருங்கள். மார்ச் நடுவில் சந்தை திறக்கிறது, முதல் மூன்று நாளில் பெரிய பணமெல்லாம் போய்விடுகிறது. அவர் இன்னும் நன்றாக ஆடக்கூடியவர். ஒரு அணிக்கு அவர் தேவையும்கூட. ஆனால் இன்று எடுத்தால் தங்களுடைய ஆறாம் ரவுண்டு பிக் அடிபடும் என்று அந்த அணி கணக்குப் போடுகிறது. "ஏப்ரல் கடைசியில் பேசுவோம்" என்று முகவரிடம் சொல்கிறது. ஆறு வாரம் அவர் தனியாகப் பயிற்சி செய்துகொண்டு தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குள் டிராஃப்டில் அதே அணி அவருடைய இடத்துக்கே ஒரு இளைஞனை எடுத்துவிட்டால் அந்தப் பேச்சும் இல்லை. வீரருக்குச் சுதந்திரம் கொடுத்த உடன்பாட்டின் பக்கவிளைவு, வீரர்களிலேயே பலம் குறைந்தவர் தலையில் விழுகிறது. காலக்கெடு முன்பு ஜூன் 1 ஆக இருந்தது, இப்போது முன்னால் வந்திருப்பது நல்ல மாற்றம். இன்னும் முன்னால் கொண்டுவந்தால் நல்லது.

அந்தத் திங்கட்கிழமைக்கு அப்புறமும் ஒருவர் கணக்கில் வருவாராமே, அது எப்படி?

ஒரே ஒரு வழி இருக்கிறது, அரிதாகத்தான் பயன்படுத்துவார்கள். இன்னும் யாரிடமும் சேராத தன் பழைய வீரருக்கு, போன ஆண்டுச் சம்பளத்தைவிடப் பத்து சதவீதம் கூட்டி ஒரு அழைப்பை அணி கொடுத்து வைக்கலாம். அப்படிச் செய்தால், அவர் கோடையில் வேறு இடத்துக்குப் போனாலும் பழைய அணியின் கணக்கில் ஏறுவார்.

நியூ இங்கிலாந்து 2017 மே மாதம் இதை ரன்னிங் பேக் (பந்தைச் சுமந்து ஓடுபவர்) லகாரெட் பிளவுன்ட்டுக்குச் செய்தது. முந்தைய சீசனில் 18 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடப்பது) ஓடி லீக்கில் முதலிடம் பிடித்தவர், ஆனாலும் மே வரை அவரை யாரும் எடுக்கவில்லை. அழைப்பு வந்த சில நாட்களிலேயே அவர் ஃபிலடெல்ஃபியாவில் சேர்ந்துவிட்டார். 2018 பிப்ரவரியில் மினியாபொலிஸில் நடந்த சூப்பர் பவுலில் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரே நின்றது அதே நியூ இங்கிலாந்து. இரண்டாவது குவாட்டரில் பிளவுன்ட் பந்தை வாங்கி நடுவில் புகுந்து 21 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். ஆட்டம் 41–33 என்று முடிந்தபோது கோப்பை அவர் பக்கம் இருந்தது.